பொருந்தாத கல்

பழைய கோட்டையைப் பழுதுபார்க்கும் வேலை முடிந்துவிட்டது. பின்பக்க மதிலில் ஒரு ஓட்டை மட்டும்தான் பாக்கி.

"இடிஞ்ச மதிலையே தூக்கி நிறுத்தினீங்க. இந்தப் பொந்தை அடைக்க ஒரு வாரமா, மேஸ்திரி?" சூப்பர்வைசர் பொரிந்தார்.

"கல்லு பொருந்தலைங்க," என்றார் கல்தச்சர்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தள்ளுங்க!" சூப்பர்வைசரே கல்லைத் தூக்கி வைத்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. "இப்ப மட்டும் எப்படிப் பொருந்துது? இன்னைக்கே பூசி முடிச்சிடணும்."

அவர் தலை மறைந்ததும் தச்சர் கல்லை உருவிவிட்டு ஓட்டையில் வாயை வைத்தார். "அடைக்கச் சொல்லிட்டாங்கடா."

மதிலுக்கு அந்தப் பக்கம் சிறை. மனு மேல் மனு போட்டும் பெற்றவர்களை உள்ளே விடாத சிறை.

"நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வரேன்னியேப்பா?" என்றது மகனின் குரல்.