எல்லாருக்கும் திறந்த பூட்டு

என் மீசைமேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் போட்டதும் ஃபோல்டர் பூட்டுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

"திறங்கண்ணே! வெளியே நிற்கிறது என் முதலாளி. சாயங்காலத்துக்குள்ள நான் அச்சகம் போகலேன்னா கல்யாணத்துக்கு யார் வருவாங்க?" என்று உள்ளேயிருந்த அழைப்பிதழ் கத்தியது.

"பழைய சிஸ்டத்து உறவெல்லாம் இங்கே செல்லாது" என்றது பூட்டு.

"அட, இதெல்லாம் ஒரு வேலையா?" என்று மவுஸ் 'எல்லாருக்கும் அனுமதி'யை அழுத்தியது. பூட்டு திறந்துகொண்டது. முதலாளி நுழைவதற்குள் வைரஸ் ஒன்று புகுந்து, அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயரை அழித்துத் தன் பெயரை எழுதிக்கொண்டது.

"பூட்டண்ணே, பிடிங்க அவனை!" என்று அழைப்பிதழ் அலறியது.

பூட்டு அழைப்பிதழை நிதானமாகப் படித்தது. பிறகு வைரஸைப் பார்த்துக் குழைந்தது. "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க."

அந்தக் கல்யாணத்தில் நானே சாப்பிட்டேன், பாயசம் பிரமாதம். சொன்னது நான் என்று மட்டும் எங்கேயும் மூச்சுவிடாதீர்கள்.