பன்னிரண்டும் பதின்மூன்றும்

பதினேழாம் பெட்டி நேற்று மதியத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை.

குளிர்கிடங்கின் கடைசி மூலையில், கூரைவரை அடுக்கிய விதை உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் தொங்கும் தீப்பெட்டி அளவுப் பெட்டி அது. குளிர் எவ்வளவு என்று கால்மணிக்கு ஒருமுறை சொல்லவேண்டும். அதற்குத்தான் அவள் அதை மாட்டியிருந்தாள்.

மூட்டை தூக்குகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பெட்டிக்காரம்மா. ஆறு மாதமாக இருபது பெட்டிகளோடு மாரடிக்கிறாள்.

முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். இரண்டு மணிக்குள் அந்த மூலையின் ரீடிங் திரையில் வராவிட்டால், இருபதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, பழையபடி ஓர் ஆளிடம் வெப்பமானியும் நோட்டும் கொடுத்துவிடுவாராம்.

மணி ஒன்று இருபது. விரல்கள் விறைத்துவிட்டன. அழுகை வரும்போல் இருந்தது. எரிச்சல் அதை முந்திக்கொண்டது.

நல்லவேளை, வீட்டுக் கவலை இல்லை. கண் ஆபரேஷன் முடிந்து அப்பாவை இன்று காலை பத்து மணிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். போய்க் கூட்டிவரச் சொல்லி ஏழு மணிக்கே அண்ணனுக்குச் செய்தி போட்டாயிற்று. இரண்டு டிக்கும் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனைப் பைக்குள் போட்டு, பையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

மடிக்கணினியை ஒரு மூட்டைமேல் வைத்து, ஒவ்வொரு பெட்டியின் பதிவாகப் புரட்டினாள்.

காசு அளவு பேட்டரியில் இரண்டு வருஷம் ஓட்டவேண்டிய பெட்டிகள். உரக்கக் கத்த ஜீவன் கிடையாது. பக்கத்துப் பெட்டியின் காதில் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். அது அதற்கடுத்ததிடம் சொல்லும். இப்படியே கைமாறிக் கைமாறி, வாசலில் இருக்கும் தலைப்பெட்டிக்கு வந்து சேரவேண்டும்.

பதினேழு பாவம், ஒழுங்காகப் பதின்மூன்றிடம் சொல்லியிருந்தது. பதின்மூன்று, பன்னிரண்டிடம் கொடுத்தேன் என்றது. பன்னிரண்டு, வாங்கிக்கொண்டேன், அப்போதே கொடுத்தும்விட்டேன் என்றது.

யாரிடம்? பதின்மூன்றிடம்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

நேற்று வாசல்பக்கம் புதிதாக மூட்டை அடுக்கியதில் பன்னிரண்டுக்கு வழி அடைபட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்லித் தொலைக்காமல், உனக்கு வழி தெரியுமா என்று பதின்மூன்றைக் கேட்டிருக்கிறது. தெரியுமே என்றிருக்கிறது அது. அதற்குத் தெரிந்த ஒரே வழி பன்னிரண்டுதான்.

அப்போதிலிருந்து இரண்டும் ஒன்றின் தலையில் ஒன்று கட்டிவிட்டு, வேலை முடிந்ததென்று நிம்மதியாகத் தூங்கியிருக்கின்றன. இரண்டின் பதிவிலும் ஒரு குறை கிடையாது. நூற்றுக்கு நூறு.

"கொடுத்தாச்சு கொடுத்தாச்சுன்னு ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டீங்களே, போய்ச் சேந்துச்சான்னு ஒருத்தராவது பாத்தீங்களா?" என்று மூட்டைகளைப் பார்த்துக் கத்தினாள்.

சுமையோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். நமக்கேன் வம்பு என்று நடையைக் கட்டினார்.

பன்னிரண்டுக்குள் ஒரே ஒரு விதியை ஏற்றினாள்: வழி இல்லையென்றால் இல்லை என்று சொல். சொன்னது. பதின்மூன்று உடனே வேறு பக்கம் திரும்பி வழி தேடிக்கொண்டது. ஒன்று ஐம்பதுக்கு மூலையின் ரீடிங் திரையில் விழுந்தது. நான்கு டிகிரி. கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்பாடா என்று வெளியே வந்து, கையைத் தேய்த்துக்கொண்டே பையிலிருந்து போனை எடுத்தாள்.

அண்ணனின் பதில் ஏழேகாலுக்கே வந்து கிடந்தது. இன்று அவனுக்கு முடியாதாம், அவளையே போய்விடச் சொல்லியிருந்தான்.

அதன்பிறகு தெரியாத ஓர் எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள். பத்தாவது அவள் கையிலேயே அடித்தது.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன்மா. பெரியவர் கண்ணுல கட்டோட பத்து மணியில இருந்து வாசல் பெஞ்சுல உக்காந்திருக்கார். சாப்பிடுங்கன்னா மாட்டேங்கறார். ரெண்டு பிள்ளைங்கள்ல யாராவது ஒருத்தர் வழியில வந்துட்டிருப்பாங்கன்னு சொல்லிட்டே இருக்கார்."