வெற்றிக் கட்டணம்

"கல்யாணமே ஆகிப்போச்சுங்க. இன்னும் எதுக்குங்க என்ற போட்டோ 'பெண் தேவை'ன்னு அங்க தொங்குது?"

சண்முகவேல் சுவரைக் காட்டினான். நாமக்கல்லில் இருந்த அந்தத் திருமணத் தகவல் மையத்தின் சுவர் முழுக்க மாப்பிள்ளைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அவனும் ஒருவன்.

மையத்தின் உரிமையாளர் குணசீலன் எழுந்து கைகொடுத்தார்.

"வாழ்த்துகள் தம்பி! ரொம்ப சந்தோசம். வெற்றிக் கட்டணத்தக் கட்டிட்டீங்கன்னா இப்பவே எறக்கிடலாம்."

"அதென்னங்க வெற்றி?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆனா எங்க மையத்துக்கு வெற்றிதானுங்களே. போட்டோ எறக்கறதுக்கு நிர்வாகக் கட்டணம் தனி."

"மாட்டறதுக்கு?"

"அது அப்பவே கட்டிட்டீங்க."

சண்முகவேலுக்குப் புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை. முப்பத்தாறு வயது. மூன்று வருடங்களாக மாதம் தவறாமல் இங்கே வந்து நிர்வாகக் கட்டணம் கட்டியவன். எதை நிர்வாகம் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "உங்க எதிர்பார்ப்பைத்தான்" என்றார் குணசீலன். சொன்னபடி அதை நன்றாகவே நிர்வகித்தார், துளிகூட வளரவிடவில்லை.

"நீங்க அனுப்புன பொண்ணுங்களப் பத்திச் சொல்லட்டுங்களா? ஒரு ஊட்டுக்குப் போனா, பொண்ணு இடுப்புல கொழந்தையோட வந்து கதவத் தொறக்குது. இன்னொரு நம்பருக்கு அடிச்சா ஆத்தூர்ல சிமெண்டுக் கடை. எத்தன மூட்டை வேணும்ங்கறாரு. பொண்ணு வேணும்னு எப்படிங்க சொல்றது? வெக்கப்பட்டுட்டு ரெண்டு மூட்டை எறக்கச் சொன்னேன்."

"அதெல்லாம் சர்வர் கோளாறு தம்பி."

"கட்டணம் வாங்கறப்ப மட்டும் சர்வர் நல்லாத்தானுங்க இருந்துச்சு."

குணசீலன் பெருந்தன்மையாகச் சிரித்தார். சண்முகவேலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கல்யாணத்துக்கு முந்தி எனக்கு ஒரு போன் வரலீங்க. இப்ப தெனமும் எவனாச்சும் பொண்ணு இருக்குதுன்னு கூப்படறான். நேத்து என்ற மாமியாரே போனை எடுத்துட்டாங்க. மாப்பிள்ளைக்குச் சொந்தமா எத்தன ஏக்கருன்னு அவங்ககிட்டயே கேட்டிருக்கான். மாமியாரு என்ன நெனப்பாங்க? அந்த ஊட்டுல எனக்கு ஒரு வாய்ச் சோறு எறங்குமாங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன், கட்டிருங்க. கட்டலீன்னா போட்டோ அங்கயேதான் இருக்கும். வக்கீல் நோட்டீசும் வரும்."

சண்முகவேல் சட்டைப்பையிலிருந்து பழைய ரசீது ஒன்றை எடுத்துத் திருப்பி வைத்தான்.

"பின்னாடி பொடி எழுத்துல என்னங்க போட்டிருக்கு? மையம் அனுப்புன வரனோட கல்யாணம் நடந்தா மட்டுந்தான் வெற்றிக் கட்டணம். போட்டோ எறக்கறதுக்குக் கட்டணம்னு எங்கயுமே இல்லீங்களே."

குணசீலன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தன் ரசீதின் பின்பக்கத்தை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை போலிருந்தது.

"இதையெல்லாமா படிக்கறீங்க?"

"நான் படிக்கலீங்க. ஊட்டுல படிச்சுச் சொன்னாங்க."

"ஓ, படிச்ச பொண்ணோ! எங்க தம்பி புடிச்சீங்க?"

"இதே நாமக்கல்லுதானுங்க. மாசாமாசம் பணம் கட்டப் போன எடத்துல பாத்துப் பழக்கமுங்க."

"கரண்டு ஆபீசா?"

"அங்கயாச்சும் கட்டுனா லைட்டு எரியுமுங்க."

குணசீலன் ரசீதைத் தள்ளிவைத்தார். பிறகு குரலை உயர்த்தினார். "சும்மா பேசாதீங்க தம்பி. பொண்ணு எங்க மூலமா வரலைன்னு என்ன நிச்சயம்?"

"நீங்க அனுப்புன அத்தன நம்பரும் கம்ப்யூட்டர்ல இருக்கும்ங்களே. ஒவ்வொண்ணாப் போட்டுக் கேளுங்க, என்னையக் கட்டிக்கிட்டாங்களான்னு. நான் உக்காந்திருக்கேன்."

குணசீலனின் கை போன் வரைக்கும் போய் நின்றது. அந்த எண்களில் யார் யார் எடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். எடுத்தால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும்.

"முடியலீன்னா நுகர்வோர் கோர்ட்டுல பாத்துக்கலாமுங்க. சிமெண்டுக் கடைக்காரரையும் சாட்சிக்குக் கூட்டியாறேன். நல்ல மனுசன், கூப்பிட்டா வருவாரு."

குணசீலன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன எழுதணும்னு சொல்லுங்க."

சண்முகவேல் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். இவருடைய திருமணத்துக்கும் எங்கள் மையத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எந்தக் கட்டணமும் பாக்கி இல்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். நாற்காலி மேல் ஏறி அவரே போட்டோவைக் கழற்றினார். கம்ப்யூட்டரிலிருந்த பதிவையும் அவன் கண்ணெதிரே நீக்கினார். மூன்று வருடங்களில் அந்த மையம் அவனுக்காகச் செய்த முதல் வேலை அதுதான். சண்முகவேலுக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் குணசீலனின் வாடிய முகம் மலர்ந்துவிட்டது.

"வா மைதிலி, வா! நீ ஆடியில வேலைய விட்டுப் போனதுல இருந்து கேஷ் கவுண்டரு காத்தாடுது. உன்னையாட்டம் நிர்வாகக் கட்டணம் வசூல் பண்ண ஒரு ஆளு கெடைக்கல. திரும்ப வேலைக்குத்தான வந்தே?"

"இல்லீங்க சார். என்ற ஊட்டுக்காரரை இன்னும் காணமேன்னு பாக்க வந்தேனுங்க" என்ற மைதிலி, சண்முகவேலின் கையிலிருந்த தாளை வாங்கி, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள்.