அவருடைய சி

மறுபடியும் விட்டுவிட்டாள்.

வீட்டுப் பியானோவில் இடது கை தானாகப் போய் நான்கு சுரங்களில் விழுந்தது. ஈ-ஃப்ளாட், ஜி, ஏ, டி. அந்தச் சுரக்கூட்டின் பெயர் என்னவோ சி மைனர் சிக்ஸ்த். அதில் சி-யைத்தான் காணோம்.

பத்தொன்பது வருஷப் பழக்கம். போகச் சொன்னால் போய்விடுமா?

அந்த சி அவள் புருஷன் ரெஜினால்டுடையது. ஓட்டலில் அவள் பியானோ, அவர் டபுள் பேஸ் என்கிற ஆளுயரக் கம்பி வாத்தியம். கீழ்ச் சுரத்தை அவர் போடுவார். நீயும் அதையே போட்டால் சேறாகிவிடும், எனக்கு விட்டுவிடு என்று கல்யாணமான புதிதில் சொன்னார். விட்டுவிட்டாள்.

மைனர் என்றாலே அழுமூஞ்சி. அந்த சிக்ஸ்த், ஆறாவது சுரம், சேர்ந்தால், அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். அவருக்குப் பிடித்த சுரக்கூட்டு.

அவர் போய் இரண்டு மாசம்.

நாளை சனிக்கிழமை. தனியாக வாசிக்க முடியுமா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா என்று மேனேஜர் மரியாதையாகத்தான் கேட்டார். முடியும் என்று வாய் முந்திக்கொண்டது. அந்த வேலையும் போய்விட்டால் அப்புறம் அவளுக்கு என்னதான் மிச்சம்?

பெரிய வித்தை ஒன்றுமில்லை. சுண்டுவிரல் முதலில் கீழே போய் சி-யைத் தொட வேண்டும். உடனே கை மேலே வந்து மற்ற நான்கையும் பிடிக்க வேண்டும். பியானோ கிளாஸில் சின்னப் பிள்ளைகள் செய்வார்கள்.

கையை வீசினாள்.

முழங்கை இடித்தது. உறை போட்ட பேஸ். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவர் சாய்த்துவைத்த அதே இடத்தில், பியானோவின் இடப்பக்கம். உள்ளே கம்பிகள் லேசாக முனகின.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

தினமும் சொன்னதுதான். சொன்னவுடன் அரை அடி நகர்வார். பாட்டு முடிவதற்குள் திரும்ப வந்து ஒட்டிக்கொள்வார்.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பைத்தியக்காரி.

பிறகு எழுந்து பேஸைக் கட்டிப்பிடித்தாள். அப்படித்தான் அதைத் தூக்க முடியும். மெதுவாக நடத்திக்கொண்டு போய் அறையின் அந்தக் கோடியில் சாய்த்தாள்.

வந்து உட்கார்ந்து வாசித்தாள்.

சி விழுந்தது. மற்ற நான்கும் அதன்மேல் வந்து உட்கார்ந்தன. ஒரு குறையும் இல்லை. ஒரு ஆளே போதும் போலிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இன்னொரு தரம் வாசித்தாள்.

முழங்கைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இடம் இருந்தது.