அரசாங்க நம்பர்

"இந்தக் கொட்டாங்குச்சியை எடுத்தாத்தான் நாளைக்கு அமைச்சர் உள்ள வருவாருங்க" என்றார் பூபதி. ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர்.

அந்த அரசு அருங்காட்சியகத்தில் இலக்கியாவுக்குத் தற்காலிக வேலைதான். 'டீக்கடையின் கதை' கண்காட்சி அவளுடைய யோசனை. சங்ககிரி ரோட்டில் லாரிகள் நிற்கும் பழைய கடைகளில் அலைந்து பாய்லர், ரேடியோ, கண்ணாடி கிளாஸ்கள் என்று கேட்டு வாங்கிச் சேர்த்திருந்தாள். கிளாஸ்களுக்குப் பக்கத்தில் அந்தக் கொட்டாங்குச்சி.

"அந்தக் காலத்துல சில பேருக்கு கிளாஸ்ல டீ குடுக்கலீங்க. இதுலதான் ஊத்துனாங்க. அட்டையில அதைத்தான் எழுதியிருக்கேன்."

"நடக்கலைன்னு யாரு சொன்னா? அதை ஏனுங்க இப்பப் போய் நோண்டறீங்க? கடைக்காரங்க பூரா நம்ம ஆளுங்க. ஊர்ப் பேரு கெட்டுரும்."

சுவரோரமாக அங்கம்மாள் நின்றிருந்தாள். கொட்டாங்குச்சி அவளுடைய அப்பாவினுடையது; கண்காட்சிக்கு இரவலாகத் தந்திருந்தாள். திறப்பு விழாவுக்குப் பேத்திகளோடு வருவதாகச் சொன்னவள், மனசு கேட்காமல் இன்றே ஒருமுறை பார்க்க வந்திருந்தாள்.

"உடுங்க சாமி" என்றாள் இலக்கியாவிடம். "எங்களால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவ வேண்டாம். நான் ஊட்டுக்கே எடுத்துக்கிட்டுப் போயிர்றேனுங்க."

அந்த நேரம் பார்த்து, விழா ஏற்பாடுகளை மேற்பார்வையிட உதவி இயக்குநர் வசந்தாமணி வந்து சேர்ந்தார். பூபதி கும்பிடு போட்டு, விஷயத்தை இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னார்.

இலக்கியா மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்றது புரியுதுங்க" என்றார் வசந்தாமணி. "இதை இப்படியே விட முடியாது. அரசாங்கமே எடுத்துக்கட்டும்."

"அப்படிப் போடுங்க!"

வசந்தாமணி அங்கம்மாள் பக்கம் திரும்பினார். "ஏனுங்கம்மா, இதை அருங்காட்சியகத்துக்கே குடுத்துடறீங்களா? அப்புறம் நீங்களே வந்து கேட்டாலும் திருப்பித் தர முடியாது."

அங்கம்மாள் இலக்கியாவைப் பார்த்தாள். இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊட்டுல வெச்சு என்ன பண்ணப் போறனுங்க? எடுத்துக்குங்க" என்று, வசந்தாமணி பதிவேட்டில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள் அங்கம்மாள்.

"இலக்கியா, வெள்ளைப் பெயிண்ட்டும் சின்ன பிரஷ்ஷும் கொண்டா."

எதற்கென்று இலக்கியாவுக்குத் தெரியும். அருங்காட்சியகச் சொத்து என்று நம்பர் எழுத. நம்பர் போட்ட சாமான்கள் பின்னறை முழுக்கக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் ஒருநாளும் வெளிச்சத்துக்கு வந்ததில்லை. ஒரு கட்சிக்காரர் முகம் கோணக் கூடாது என்பதற்காக இதையும் அங்கே தள்ளப் போகிறார்கள். அதுவும் அங்கம்மாளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு!

"மேடம், வேணும்னா அட்டையை மாத்தி எழுதறேன். இதை மட்டும் உள்ள போட்டுடாதீங்க."

"நான் பெயிண்ட்டைக் கேட்டேன்."

பூபதிக்கு ஒரே உற்சாகம். செல்போனில் டார்ச் அடித்து வெளிச்சம் காட்டினார். "நல்லாத் தெளிவா எழுதுங்க மேடம்."

"கொஞ்சம் ஆடாம பிடிச்சுக்கறீங்களா?" என்று வசந்தாமணி கொட்டாங்குச்சியை நீட்டியபோது மட்டும் பூபதி ஓரடி பின்னால் போனார். அங்கம்மாள்தான் வந்து பிடித்துக்கொண்டாள்.

பெயிண்ட் காய்ந்தது.

"அவ்வளவுதானுங்களே? ஒரு பையில போட்டுக் குடுங்க. டிரைவரை உட்டு எங்கியாவது வெச்சுடச் சொல்றேன்" என்றார் பூபதி.

"தாராளமா. ஆனா ஒரு சின்ன வேலை இருக்குங்க."

"சொல்லுங்க மேடம், முடிச்சுருவோம்."

"நம்பர் விழுந்துட்டா இது அரசாங்கச் சொத்து, காட்சியில வெச்சதாப் பதிவும் ஆயிருச்சு. நானோ அமைச்சரோ நினைச்சாக்கூட இந்த இடத்தை விட்டு நகர்த்த முடியாது. சென்னையில இருந்து ஆர்டர் வரணும். எடுக்கச் சொன்னது யாரு, என்ன காரணம்னு எழுதிக் கேக்கணும். உங்க பேரைப் போட்டு, 'இந்த ஊர்ல தீண்டாமை இருந்தது வெளிய தெரியக் கூடாதுங்கறார்'னு இன்னிக்கே எழுதி அனுப்பட்டுங்களா?"

பூபதியின் டார்ச் அணைந்தது.

"அட, அதுல எம் பேரு எதுக்குங்க... ஒரு கொட்டாங்குச்சிதானே, இருந்துட்டுப் போகுது." வாசல் வரை போனவர் திரும்பினார். "ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை மறந்துடாதீங்க. போன தடவை தேடி மானம் போச்சு."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அங்கம்மாள் கொட்டாங்குச்சியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, நம்பர் வெளியே தெரியும்படி லேசாகத் திருப்பினாள். "காலையில நேரமே பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாரேன் சாமி" என்றாள்.

இலக்கியா மேடத்திடம் நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

வசந்தாமணி பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தார்.

"என்ன நின்னுட்டே? அந்த கிளாஸுக்கெல்லாம் நம்பர் போடு. நாளைக்கு எவனாவது கிளாஸை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டா, கொட்டாங்குச்சி இங்க எதுக்கு இருக்குன்னு யாருக்கும் புரியாது."