ஸ்லைடில் வந்த பெயர்

முன்வரிசையில் பொன்னுத்தாய் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க, மேடையில் நின்ற இளவேனிலுக்கு ஆட்டத்தின் அடுத்த எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை.

சற்று முன்புதான் போன் வந்திருந்தது. பேசியது ஆனந்தவள்ளி, பொன்னுத்தாயின் பக்கத்து வீட்டுக்காரி.

“ரத்தினவேல் அண்ணன் மாடிப்படிக்குக் கீழ கிடக்குறாரு, இளவேனி. ஜன்னல் வழியாப் பாத்துட்டு, பூட்டை உடைச்சு உள்ள போனோம். மூச்சு இல்ல. உடம்பே சில்லுன்னு ஆயிடுச்சு. அக்கா போன் ஆஃப்ல இருக்கு. அங்கதானே இருக்காங்க?”

“இங்கதான் இருக்காங்க.”

“நீயே பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டு வந்துடு.”

பக்குவமாக. 

“என்னடி, மேடையிலயே தூங்கிட்டியா? பையை நல்லாக் குலுக்கு. என் நம்பரெல்லாம் அடியிலயே கெடக்கு!” என்று ஆட வந்திருந்த பிரான்சி கத்தினாள். அரங்கம் சிரித்தது. பொன்னுத்தாயும் சிரித்தாள்.

இளவேனில் பைக்குள் கையை விட்டாள். எண் வில்லை விரலில் நிற்காமல் நழுவியது.

“நம்ம வீட்டுக்காரங்க ரிட்டயர் ஆகுற வயசு... அறுபது.”

 எல்லாத் தலைகளும் டிக்கெட்டின் மேல் குனிந்திருந்தன.

பொன்மலை நாகரத்னா டாக்கீஸில் படம் நின்று வெகுகாலம் ஆகிறது. இப்போது வளைகாப்பு, காதுகுத்து. ஞாயிறு மதியம் பெண்களுக்குத் தம்போலா, சொல்லும் எண்ணை டிக்கெட்டில் அடிக்கும் ஆட்டம். நடத்துவது இளவேனில். பழைய ஆபரேட்டர் காத்தான் மட்டும் மேலே அறையை விட்டுப் போகவில்லை. அவள் சொல்லும் எண்ணைக் கண்ணாடித் துண்டில் எழுதி, ஸ்லைடு மெஷினில் வைத்துத் திரையில் காட்டுவார்.

பொன்னுத்தாய் ஒரு வாரமும் தவறியதில்லை. எந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. புருஷன் ரத்தினவேல் மதியத் தூக்கம் கலைந்து எழும்போது டீயோடு நிற்க வேண்டும் என்று பாதி ஆட்டத்தில் ஓடிவிடுவாள். கடைசிப் பரிசான ஃபுல் ஹவுஸ் வரை அவள் இருந்ததே இல்லை.

இன்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். “இன்னைக்கு அவசரமே இல்லம்மா. கடைசி வரைக்கும் இருப்பேன்” என்றாள்.

அந்த ஒருநாள் சிரிப்பைத் தன் வாய்தான் நிறுத்தப்போகிறது.  இளவேனில் மைக்கைப் பிரான்சியிடம் கொடுத்துவிட்டு ஆபரேட்டர் அறைக்கு ஏறினாள்.

காத்தான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த கண்ணாடியை வேட்டியில் துடைத்தார்.

“என்னால முடியாதுண்ணே. அவங்க முகத்தைப் பாத்து எப்படிச் சொல்லுவேன்?”

“அத்தனை பேர் நடுவுல சொல்ல வேணாம்மா. அந்தக் காலத்துல வீட்டுல துக்கம்னு ஆள் வந்தா, ஸ்லைடுல பேரைப் போட்டுத்தான் வெளிய கூப்பிடுவோம். அதே மாதிரி நான் கூப்பிடுறேன். நீ வெளிய நில்லு.”

“வந்ததும் என்ன சொல்றது?”

“எடுத்த எடுப்புல செத்துட்டாருன்னு சொல்லிடாத. எங்க மேனேஜர் யார்கிட்டயும் அப்படிச் சொன்னதில்ல. கொஞ்சம் சீரியஸ், ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னுதான் சொல்லுவாரு. வீடு போய்ச் சேர கால்ல தெம்பு வேணும்ல?”

இளவேனில் படியிறங்கி அரங்கத்தின் வாசலுக்கு வந்தபோது திரை வெளுத்தது. கோணல் எழுத்து.

பொன்னுத்தாய் உடனே வெளியே வரவும்.

பிரான்சியின் குரல் பாதி எண்ணில் நின்றது. அங்கே படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஸ்லைடு தெரியும். எங்கோ ஒருத்தி “ஐயோ, யாருக்கு?” என்றாள். அதன் பிறகு மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

பொன்னுத்தாய் எழுந்தாள். டிக்கெட்டை மடித்து இடுப்பில் செருகினாள். எல்லோரும் பார்க்க, நடுவழியில் மெதுவாக நடந்து வந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.

மூடிக் கிடந்த டிக்கெட் கவுண்டர் பக்கம் இளவேனில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 

“சொல்லும்மா. எதுவா இருந்தாலும் சொல்லு.”

“அக்கா... அண்ணன் மாடிப்படியில விழுந்துட்டாராம்.”

“சரி.”

“கொஞ்சம் சீரியஸ். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க.”

 பொன்னுத்தாய் அழாமல் நிற்பது இளவேனிலைப் பயமுறுத்தியது. பயத்தில் வாய் தானாக இன்னொரு பொய்யைச் சேர்த்தது.

“பயப்படாதீங்கக்கா. பொழைச்சுக்குவாரு. கண்ணு முழிச்சுப் பேசுறாராம்.”

பிடித்திருந்த கை சட்டென்று சில்லிட்டது. பொன்னுத்தாய் பின்னால் சாய்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். தெருவைப் பார்த்தாள், அரங்கத்தைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் பிறகுதான் வந்தது.

“என் பேரைச் சொல்லிட்டானா?”