வெள்ளிக் கால்

"இடது கால்தான தாயி?" குருவையா ஆசாரி மறுபடியும் கேட்டுக்கொண்டார்.

"ஆமா ஆசாரியாரே. மலை மேல தொரைமாரு கட்டுற அணையில, எங்க வீட்டுக்காரவுக இடது கால் மேலதான் பாறை விழுந்துச்சு. கிறிஸ்துமசுக்குள்ள வெள்ளியில கால் செஞ்சு மாதா கோயில்ல வைக்கிறதா நேந்திருக்கேன்." மதலேனாள் தன் வெள்ளித் தண்டைகளைக் கழற்றி வைத்தாள்.

பூவும் பொட்டுமே தட்டிச் சலித்த ஆசாரிக்குக் கை பரபரத்தது. தன் இடது காலையே பார்த்துப் பார்த்து, நரம்பும் நகமுமாக அச்சில் செதுக்கினார். தண்டையை உருக்கித் தகடாக்கி, அச்சின் மேல் வைத்து அடித்தார். எடுத்துத் தன் காலோடு வைத்துப் பார்த்தார். பூவுக்கு இடது வலது கிடையாது, காலுக்கு உண்டே! அச்சில் இடதாக வெட்டியது, தகட்டில் வலதாக விழுந்திருந்தது.

வேறு அச்சு வெட்ட நேரமில்லை. திருநாளுக்கு முந்தின நாள் மதலேனாள் வந்து நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி. இது வலது காலாப் போச்சு."

அவள் அதை வாங்கி விரல் விரலாகத் தடவினாள். கண்ணீர் சொட்டியது.

"அழாத தாயி, நாள் கடந்தாலும் உருக்கி வேற செஞ்சு தாரேன்."

"வேணாம் ஆசாரியாரே. இடது காலை நேத்தே வெட்டி எடுத்துட்டாக. அவுகளுக்கு மிச்சம் இருக்கது இந்தக் கால்தான்."